மூன்றாவது கேசட்

ராக்யா
4 மார்ச் 2006

அன்புள்ள தோவா அக்காவுக்கு,

லுவான் எழுதுகிறேன். உறையில் கையெழுத்தைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். எட்டு வருஷம் கழித்து எழுதுகிறவன் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நலமா? நாங்கள் நலம். என் வீட்டுக்காரி கூக், மீன் சந்தையில் இன்னொரு கடை மேடையும் எடுத்துவிட்டாள். நான் அதே படகு எஞ்சின் பட்டறையில்தான். மகள் மியெனுக்கு ஏழு முடிந்துவிட்டது. நீங்கள் அவளைப் பார்த்ததே இல்லை.

எழுதக் காரணம் அவள்தான். புத்தாண்டுக்கு வீட்டைக் கழுவும்போது பீரோ மேலிருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கிவிட்டாள். உள்ளே நீங்கள் அனுப்பிய வீடியோ கேசட்டுகள், டைனோசர் படங்கள் மூன்றும். "போட்டுக் காட்டுப்பா" என்று ஒரு மாதம் அரித்தாள். டெக் எப்போதோ செத்துவிட்டது. "கடல்ல நின்னுபோன படகையெல்லாம் ஓட்டுறவருக்கு வீட்டுல ஒரு டெக்கை ஓட்டத் தெரியல" என்று கூக் குத்திக் காட்டினாள். பெல்ட்டை மாற்றினேன். நாடாவில் பிடித்திருந்த பூஞ்சணத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். போன ஞாயிறு மத்தியானம் முதல் படத்தைப் போட்டோம்.

பத்துத் தடவையாவது பார்த்த படம். ஆனாலும் அந்தப் பனிமூட்டம் வந்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஆட்கள் மரங்களுக்கு நடுவே நடந்து போகிறார்கள். பனி விலகுகிறது. மரங்கள் நகர்கின்றன. அவை மரங்கள் இல்லை, கால்கள் என்று தெரிந்த நொடியில் மியென் என் முழங்கையைப் பிடித்தாள்; நகம் பதிந்துவிட்டது. படம் மேலே போகிறது, போகிறது, இன்னும் முடியவில்லை. வயிறு, மார்பு, கழுத்து, கடைசியில் மேகத்துக்குள் ஒரு தலை நிதானமாக இலை மென்றுகொண்டிருக்கிறது.

"நெஜமாவே இவ்ளோ பெருசா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப நாம எங்கப்பா இருந்தோம்?"

"அதுகிட்டயே கேளு" என்று திரையைக் காட்டினேன்.

பிறகுதான் அவள் உங்கள் குரலைக் கவனித்தாள். "யாருப்பா இந்தப் பொம்பளை? தாத்தாவுக்கும் இவங்களே பேசுறாங்க, குட்டிப் பையனுக்கும் இவங்களே பேசுறாங்க?" கூக்தான் சொன்னாள், "உன் அத்தைடீ. சைகோன்ல வெளிநாட்டுப் படத்துக்கெல்லாம் நம்ம மொழியில வாசிக்கிறவங்க." உடனே மியென், "அப்ப அத்தையும் அந்தக் காலத்துல இருந்தவங்களா?" என்றாள்.

நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பின் சூட்டில் இதை எழுதுகிறேன். பட்டறைத் தொலைபேசி எண்ணைக் கீழே குறித்திருக்கிறேன். கடிதம் சிரமம் என்றால் கூப்பிடுங்கள்.

உங்கள் தம்பி
லுவான்


சைகோன்
15 மார்ச் 2006

என் லுவானுக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? அடுத்த கடிதத்திலும் இப்படி எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

உன் கடிதத்தை முதல் தடவை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். இரண்டாம் தடவை உட்கார்ந்து படித்தேன். மியெனிடம் சொல், அத்தை அந்தக் காலத்தில் இருந்தவள்தான், வால் மட்டும் விழுந்துவிட்டது.

அந்தப் பனிமூட்டக் காட்சியில் என் குரல் வராது, கவனித்தாயா? அங்கே இரண்டு வரி வாசிக்க வேண்டும். காகிதம் கையில்தான் இருந்தது. எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் முன்கூட்டிப் படத்தைக் காட்டுவதெல்லாம் கிடையாது. படம் ஓட ஓட அப்போதே பார்த்து, அப்போதே வாசித்து, ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கால்கள் நகர்ந்ததும் நான் வாசிக்க மறந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷத் தொழிலில் அது ஒரு தடவைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் பாவ் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடவில்லை. அவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "திரும்ப எடுப்போமா?" என்றேன். "எதுக்கும்மா? அந்த எடத்துல யாரு பேசினாலும் அபச்சாரம்" என்றார். அப்படியே விட்டுவிட்டோம்.

உன் மகள் கேட்டதையே நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாம் எங்கே இருந்தோம்? யோசித்தால் தலை சுற்றுகிறது. நாம் இல்லாமலே இந்த மண்ணில் இத்தனை நடந்திருக்கிறது.

நான் இப்போதெல்லாம் வாசிக்கப் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து வசனங்களை மொழிபெயர்த்துத் தருகிறேன். வேறு பெண்கள் வாசிக்கிறார்கள், நன்றாகவே வாசிக்கிறார்கள். தொலைபேசி ஒழுங்காக வேலை செய்வதில்லை. நீ கடிதமே எழுது. கூக்குக்கு என் அன்பு. அவள் காயவைக்கும் கணவாய் மீனை நினைத்தாலே நாக்கில் எச்சில் ஊறுகிறது.

உன் அக்கா
தோவா


ராக்யா
9 ஏப்ரல் 2006

அன்புள்ள அக்கா,

சரி, "நீ".

கணவாய் ஒரு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். பாதியைத் தபால்காரர் மோப்பம் பிடித்துத் தின்னாமல் வந்து சேரட்டும்.

இரண்டாவது படம் பார்த்தோம். இந்தத் தடவை வீட்டில் இடமில்லை. பட்டறைக்காரர்கள் நான்கு பேர், எதிர்வீட்டு வலைபின்னும் பெண்கள், அவர்களுடைய குழந்தைகள், எல்லாரும் வந்துவிட்டார்கள். முட்டை உடைகிற இடத்தில் ஈ பறந்தால் கேட்கும். ஓட்டின் கீறல் வழியாக முதலில் ஒரு கண் மட்டும் வெளியே பார்க்கிறதே, அப்போது உன் குரல் எவ்வளவு தாழ்ந்துவிடுகிறது! குட்டி பயந்துவிடும் என்று நீ பயந்த மாதிரி. எங்கள் மேஸ்திரி, கெட்ட வார்த்தை இல்லாமல் வாயைத் திறக்காத மனுஷன், "எத்தனை கோடி வருசத்துக்கு முன்னாடி முழிச்ச கண்ணு... என்னையல்லவா பாக்குது" என்றார். அப்புறம் வெட்கப்பட்டுச் சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டார்.

இப்போது என் புகார். உன் கூடத்தில் விசாரித்து உன் எண்ணை வாங்கினேன். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டேன். எடுத்தார்கள். மூச்சு கேட்டது. "அக்கா?" என்றேன். மூச்சு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்கள்.

நீதானே? கடிதத்தில் சிரிக்கிறாய், என்னோடு பேச மாட்டேன் என்கிறாய். உனக்கு உரிமை உண்டு. அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஊரே நிற்கும்போது நான் உன்னிடம் கத்தியதை மறக்க நானே எவ்வளவோ முயன்றேன். "மிருகத்துக்கெல்லாம் கொடுத்த குரலை அம்மாவுக்குக் கொடுக்கல நீ. அந்தத் தொண்டை அடைச்சே போகட்டும்!" ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது.

ஆனால் என் பக்கமும் உண்டு. உனக்குச் செய்தி போனது காலை பத்தரைக்கு. நீ வந்தது மறுநாள் சாயங்காலம். அதற்குள் பெட்டியை மூடிவிட்டோம். நீ அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அன்று நீ வாசித்துக்கொண்டிருந்தது மூன்றாவது படம். அந்தக் கேசட்டை நீ அனுப்பிய உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. மியென் தினமும் கேட்கிறாள். என்ன செய்யட்டும்?

லுவான்


சைகோன்
20 ஏப்ரல் 2006

லுவான்,

கணவாய் முழுசாக வந்தது. தபால்காரரைச் சந்தேகப்பட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேள்.

தொலைபேசி எடுத்தது நான்தான். கோபத்தால் வைக்கவில்லை. இதை நம்பு, இப்போதைக்கு வேறெதுவும் கேட்காதே. சைகோனுக்கு வருகிறேன் என்றும் கிளம்பிவிடாதே.

மூன்றாவது படத்தை முதலில் நீ தனியாகப் பார். பிறகு குழந்தைக்குக் காட்டு. அது மூன்றிலும் பெரிய படம். கடைசியில் வறண்ட ஆற்றுக்கு டைனோசர் கூட்டம் வரும் இடத்தை வீட்டில் உள்ள எல்லாரையும் உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் முதலில் நீ தனியாக.

தோவா


ராக்யா
2 மே 2006

அக்கா,

பார்த்தேன். கூக் மியெனைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போன காலை நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு.

அரைமணி நேரம் எதுவும் புரியவில்லை. எதற்காகத் தனியாகப் பார்க்கச் சொன்னாய் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சமையல்காரர் சேற்றில் விழும் இடம் வந்தது. ஒரு குட்டி டைனோசர் அவர் தொப்பியைத் தின்றுவிடுகிறது, அவர் அதோடு சண்டை போடுகிறார். நீ அவருக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறாய். அப்போது படத்தில் இல்லாத ஒரு சத்தம். கதவு. செருப்பு. காகிதம் ஒன்று மேஜைமேல் சரிகிறது. நீ ஒரு மூச்சு இழுக்கிறாய்.

அடுத்த வரி சிரிப்பு வரி. "தொப்பியத் தின்னுட்ட, சரி. தலைய விட்டு வை சாமி." அதை நீ சொல்கிறாய். அதே வேகம், அதே குறும்பு. பின்னால் ஓட்டி ஏழு தடவை கேட்டேன். எங்காவது உடைகிறதா என்று தேடினேன். உடையவில்லை.

அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம். கிழட்டுப் பெண் டைனோசர் ஆற்று மணலில் படுக்கிறது. ஒரு மலை உட்காருகிற மாதிரி மெதுவாக, முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால், கடைசியில் அந்தக் கழுத்து. கூட்டம் அதைச் சுற்றி நிற்கிறது. பிறகு இடி. மழை. அடிவானம் முழுக்க ஆயிரம் கழுத்துகள் ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. வீடு அதிர்ந்தது அக்கா. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்; எப்போது நாற்காலியிலிருந்து இறங்கினேன் என்று தெரியவில்லை. இவ்வளவு பெரிதை என் கண் பார்த்ததில்லை. இவ்வளவு பெரிதுக்கு நடுவில் உன் குரல், ஒரு விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு போகிற மாதிரி, அணையாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

அம்மா போய்விட்டாள் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது, இல்லையா?

ஏன் நிறுத்தவில்லை என்று எட்டு வருஷம் மனசுக்குள் கத்திக் கேட்டவன் நான். இப்போது மெதுவாகக் கேட்கிறேன். எப்படி முடிந்தது உன்னால்?

நீ வராதே என்றாலும் வருகிறேன். சனிக்கிழமை 13ஆம் தேதி காலை வண்டி, மூன்று பேரும். உன் வாயால் திட்டு வாங்க வேண்டும்.

உன் தம்பி


சைகோன்
8 மே 2006

லுவான்,

என் வாயால் திட்டு வாங்க முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ வாசலுக்கு வந்து தெரிந்துகொள்ளக் கூடாது.

மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், படியேறுகிறேன். கழுத்தில் ஒரு துளை, அதை ஸ்கார்ப் கட்டி மறைத்திருக்கிறேன். பேச்சு மட்டும் இல்லை. நீ கூப்பிட்ட அன்று பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டேன். "அக்கா?" என்றாய். மூன்று தடவை வாயை அசைத்தேன். கழுத்துத் துளையில் காற்றுதான் வந்தது. அதற்கு மேல் உன்னைக் காக்கவைக்க மனசில்லாமல் வைத்துவிட்டேன்.

இப்போது நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் மூன்று வருஷமாக உனக்குச் சொல்லவில்லை. அன்று நீ சாபமாகச் சொன்னதை நான் டாக்டரிடம் எழுதிக் காட்டியே கேட்டுவிட்டேன். அவர் படித்துவிட்டுச் சொன்னார்: "உங்க தம்பி வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தா அவரை உடனே இங்க அனுப்புங்கம்மா. நாலு கட்டியைக் கரையச் சொல்லிப் பாக்கலாம்." நான் சத்தமில்லாமல் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஜன்னலில்லாத அறையில் வருஷக்கணக்காகச் சுற்றி எல்லாரும் புகைத்தார்கள், நானும் புகைத்தேன். உன் கோபம் என் கழுத்துக்குள் வரவில்லை. இதை ஒரு தடவைதான் எழுதுவேன், ஒரே தடவையில் நம்பிவிடு.

ஏன் நிறுத்தவில்லை என்றால்: ஆமாம், அம்மா போய்விட்டாள் என்றுதான் எழுதியிருந்தது. வாசிப்பை நிறுத்தினால் எழுந்து போய் அது உண்மையா என்று பார்க்க வேண்டும். நிறுத்தாதவரை அது வெறும் காகிதம். முடிந்த பிறகு பாவ் விளக்கைப் போட்டார். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியான வண்டி போயிற்று, அடுத்த வண்டி விடிகாலையில்தான், வழியில் படகுத்துறையில் நான்கு மணி நேரம் காத்திருந்தேன். அம்மா முகத்தை நான் பார்க்காதது என்னால்தான். நீ கத்தியதில் பாதி சரி. அதை உனக்கு எழுதாமல் மகாராணி மாதிரி இருந்துவிட்டேன். அது என் தப்பு.

ஒன்று கேட்கட்டுமா? பழைய கூடத்தை இடித்து வேறிடத்துக்கு மாற்றியபோது பழைய கேசட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். என் குரல் என்னிடம் எதிலும் இல்லை. எப்படி இருந்தது என்பதே எனக்கு மறந்துகொண்டு வருகிறது. கேசட்டுகளை எடுத்து வா. டெக்கையும் தூக்கி வா, இங்கே யாரிடமும் இல்லை. மியெனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவை பார்க்கிறவர்களைப் போலப் பார்ப்போம். அவள் என்னிடம் பயப்படாமல் இருக்க முன்கூட்டி எல்லாவற்றையும் சொல்லி வை. அவள் கேட்பதற்கெல்லாம் எழுதிப் பதில் சொல்ல ஒரு புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மேற்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். மத்தியானத்தில் அங்கே ஆயிரம் பேர் இருப்பார்கள். நீங்கள் இறங்குவதைப் பார்த்தாலும் உங்களைக் கூப்பிட என்னால் முடியாது. நீ கூப்பிடு. எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகியவன்தானே. வெட்கப்படாமல், நிலையமே திரும்பிப் பார்க்கும்படி, "தோவா அக்கா!" என்று கூப்பிடு.

காது எனக்கு நன்றாகக் கேட்கிறது.

அக்கா