என் வேலியில் உங்கள் முகம்

அத்தான்,

போன கிழமை காலையில் பால் வாளியோடு வாசலுக்கு வந்தேன். என் வேலியில் நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். வாசல் படலையிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் நீளமான சீலைப் பனர். உங்கள் கழுத்தில் மாலை. உங்களுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கப்பல், அதன் பக்கத்தில் கொழுத்த நாம்பன் மாடு ஒன்று, இரண்டு கிடாய். ‘அமரர் கண்ட கனவு நனவாகிறது’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள். என்னிடம் ஒரு சொல் கேட்காமல் கட்டியிருந்தார்கள்.

செத்தவர்களுக்கு எழுதினால் அன்பாக எழுத வேண்டுமாம். எனக்கு அது வராது. நீங்கள் என் அக்காவின் புருஷன். இந்த ஊரில் பால் சங்கத்தைத் தொடங்கியவர். ஆனால் கடைசி வருடங்களில் நீங்களும் நானும் கதைக்கவில்லை. செத்த வீட்டுக்கு வந்தேன், அக்காவுக்காக. உங்களிடம் சொல்ல வேண்டியது அப்படியே என் நெஞ்சில் கிடக்கிறது. நீங்களாக என் வேலிக்கு வந்து நின்றபடியால் சொல்லுகிறேன்.

பனரைக் கட்டினது உங்கள் மகன்தான். இப்போது அவன்தான் சங்கத் தலைவர். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

“சின்னம்மா, பனர் வடிவாய் இருக்கோ?”

“கொப்பருக்குப் பல்லு இவ்வளவு வெள்ளையில்லைத் தம்பி. ஆர் தீட்டினது?”

சிரித்தான். சிரித்துக்கொண்டே மாட்டுக்கொட்டில் பக்கம் நடந்து போய், என் நாம்பன் இரண்டின் முதுகையும் தட்டிப் பார்த்தான். “முதல் லொறிக்கு நல்ல சாமானாய் அனுப்ப வேணும். இந்த ரெண்டையும் தாங்கோ.”

“சாமானோ?”

“சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்.”

“எங்கை போகுது?”

“அரபு நாட்டுக்கு, கப்பலிலை.”

“அங்கை என்ன, வண்டில் இழுக்கவோ?”

“இறைச்சிக்குத்தான் சின்னம்மா. உங்களுக்குத் தெரியாததே.”

“அப்ப இங்கையே வெட்டி ஐஸிலை வைச்சு அனுப்புங்கோவன்.”

“உயிரோடை போனால்தான் விலை. அதோடை, இங்கை வெட்டுறதெண்டால் ஆயிரம் பிரச்சினை. எங்கடை ஆக்களே கொடி பிடிப்பினம்.”

அவன் சொன்னது உண்மை. மாடு வெட்டுவது பாவம் என்று மேடையில் கண்ணீர் விட்டவர்கள்தான் இந்தத் திட்டத்தையும் கொண்டு வந்திருக்கிறார்கள். சந்தியில் இறைச்சிக் கடை வைத்திருந்த மனிசனை அவர்கள் விரட்டின விரட்டில் அந்த ஆள் கடையைப் பூட்டிவிட்டு ஊரை விட்டே போனார். இப்போது அதே ஆட்கள் கப்பலுக்குக் கொடி அசைக்கப் போகிறார்கள். கண்ணுக்கு முன்னால் இரத்தம் சிந்தினால்தான் பாவம்; கடலுக்கு அங்கால் சிந்தினால் அதற்குப் பெயர் அபிவிருத்தி. வோட்டுக் கேட்கிற வாய்க்கு இரண்டும் இனிக்கும்.

நான் இறைச்சி தின்னாதவள் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் மாடசாமிக்குக் கிடாய் வெட்டின வீட்டில் பிறந்தவள். நீங்களும் அந்த லயத்து வீட்டுப் பிள்ளைதான், மறந்திருக்க மாட்டீர்கள். கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணி தெளித்துவிட்டு, அது உடம்பைச் சிலிர்க்கும் வரைக்கும் பூசாரி கத்தியைத் தொடமாட்டார். சிலிர்த்தால் அது சம்மதம் சொல்லுகிறதாம். அது சொன்னதோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனால் அவ்வளவு நேரமும் ஊரே அந்தக் கிடாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதைத்தான் சொல்லுகிறேன்.

முகம் என்றதும் உங்கள் கதை வருகிறது. எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டது; உங்களுக்கு இலங்கை, உங்கள் அம்மாவுக்கு இந்தியா என்று வந்தது. தலைமன்னார் வரைக்கும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனீர்கள். இறங்குதுறையில் தகரப் பெட்டிக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். வெயிலில் நிறுத்தி வைத்து எண்ணி எண்ணி ஏற்றினார்கள். அந்தக் கிழவி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதாம். பிறகு நீங்கள் அவவைக் காணவே இல்லை. கதை முடிகிற இடத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் சொல்லுவீர்கள்: “அண்டைக்கு ஒருத்தன்கூட எங்கடை முகத்தைப் பாக்கேல்லை.”

பிறகு கலவரத்தில் தோட்டத்து ஆட்களுக்கு அடி விழுந்து, உடுத்த துணியோடு இரண்டு குடும்பமும் இந்த வன்னிக்கு ஓடி வந்தோம். காடு வெட்டினோம். மாடு கட்டினோம். சண்டையில் அந்த மாடுகளையும் அவிழ்த்து விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது வெறும் கொட்டிலில் எருக்கலை முளைத்திருந்தது. அந்த நேரம் நீங்கள் வீடு வீடாக நடந்து சங்கத்தைக் கட்டினீர்கள். அதை நான் மறுக்கவில்லை. என் பேரப்பிள்ளைகள் குடித்து வளர்ந்த பால் நீங்கள் தேடிக் கொண்டுவந்து தந்த நாட்டுப் பசுவின் பால்தான். அதோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. வெளிநாட்டுப் பசு வருகுது, வாளி நிறையக் கறக்கும், எல்லாம் சினை, இங்கே வந்துதான் கன்று போடும் என்று ஊரைக் கிளப்பி விட்டீர்கள். துறைமுகத்துக்கு நீங்களே போய் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். கிளிநொச்சியில் பந்தல் போட்டு, அமைச்சர் வந்து பசுவுக்கு மாலை போட்டார். பசு அந்த மாலையை இழுத்துத் தின்றது. எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். அது பசியில் தின்றது, அத்தான். வாலிலிருந்து வயிறு வரைக்கும் சாணி காய்ந்து ஓடாய்ப் பிடித்திருந்தது. முன்னங்கால் மூட்டு இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. அதைத்தான் என் பங்குக்குத் தந்தீர்கள்.

ஊரில் அதற்கு வெள்ளைக்காரி என்று பெயர் வைத்தார்கள். என் வீட்டு மின்விசிறியைக் கழற்றி அதன் கொட்டிலில் கட்டினேன். கரண்ட் போனால் பனையோலை மட்டையால் விசிறினேன். “மாமியாருக்கும் இவ்வளவு செய்யேல்லை நீ,” என்று என் மனிசன் பகிடி பண்ணினார். செய்தேன்தான். எங்கள் கைக்கு வந்த சீவன்.

ஆனால் வெள்ளைக்காரி சினையாய் வரவில்லை. வந்த அன்றே மடி கட்டிப்போய்ப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. விடியவும் பொழுதுபடவும் றோட்டுப் பக்கம் திரும்பி நின்று கதறும். கன்று எங்கே என்று கேட்டேன். “அவையள் அங்கை வைச்சு வளக்கினம். நீ கறவன்,” என்றீர்கள். எப்படிக் கறப்பது? கன்று முட்டிக் குடித்த பிறகுதான் எங்கள் ஆட்கள் மடியில் கை வைப்பார்கள். கன்று இல்லாமல் கறக்கிறது களவெடுக்கிற மாதிரி. பயிற்சிக்கு வந்த பெடியன் கன்று தேவையில்லை என்று சொன்னான். அவன் சொன்னபடி கை வைத்தவர்களுக்கெல்லாம் உதை விழுந்தது.

அதனால் எங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பக்கத்து வளவில் செத்த நாட்டுக் கன்றின் தோலை வாங்கி, உப்புப் போட்டுக் காய வைத்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைத்தேன். கன்றைப் பறிகொடுத்த பசுவுக்கு முன்னால் தோல்கன்று வைத்தால் பால் சுரக்கும். எங்கள் பசுக்கள் தங்கள் கன்றின் மணத்தை அதில் தேடும். இது எந்த நாட்டிலிருந்தோ வந்தது, இதுக்கு என்ன தெரியப் போகிறது என்ற யோசனையோடுதான் வைத்தேன்.

வெள்ளைக்காரி அதை மணந்து பார்த்தது. பிறகு நக்கத் தொடங்கியது. காது, கழுத்து, முதுகு எல்லாம் நக்கினது, விடவேயில்லை. பால் தானாய் ஓடியது. நான் வாளியைப் பிடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன். நக்கி நக்கித் தையல் விட்டுப்போய் வைக்கோல் வெளியே வந்தது. அதற்குப் பிறகும் அது நக்கினது.

சித்திரை வெயிலை அது தாங்கவில்லை. செத்துப்போனது. குழி வெட்டுகிற இடத்துக்கு நீங்கள் வந்தீர்கள். காதில் தொங்கிய மஞ்சள் இலக்கத்தை நான் வெட்டி எடுத்துக்கொண்டு உங்களிடம் திரும்பக் கேட்டேன், “கன்று எங்கை, அத்தான்?”

குழியைப் பார்த்துக்கொண்டே “கடல்லை,” என்றீர்கள்.

“என்னெண்டு?”

“வாற வழியிலை ஈண்டிட்டுது. இது மட்டுமில்லை, கனக்க மாடு. கன்று வைச்சிருக்க அங்கை இடமில்லையாம். எறிஞ்சு போட்டாங்களாம். கப்பலிலை நிண்ட ஒருத்தன் சொன்னவன்.”

“நீங்கள் கண்டனீங்களோ?”

“இறக்கேக்கை பால் வடிஞ்சுகொண்டு நிண்டதுகள். நான் பாக்கேல்லை. முகத்தைத் திருப்பிட்டன்.” பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். “வெளியிலை கதைக்காதை. சங்கம் உடைஞ்சுபோம்.”

தலைமன்னாரைச் சொல்லிச் சொல்லி அழுத வாய் அது! அதற்காகத்தான் நான் வாயை மூடவில்லை. அடுத்த கூட்டத்திலேயே எழும்பிச் சொன்னேன். நீங்கள் மேசைக்குப் பின்னால் இருந்து, என் முகத்தைப் பார்க்காமல், சபையைப் பார்த்துச் சொன்னீர்கள்: “அஞ்சாம் வகுப்புப் படிச்ச ஆள் கப்பலைப் பற்றிப் பாடம் எடுக்கிறா.” சபை சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். பனரில் போட்டிருப்பது அந்தச் சிரிப்புத்தான். நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன்.

ஓம், அஞ்சாம் வகுப்புத்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. அந்த அஞ்சு வகுப்பில் படித்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்களால் இனி மறுமொழி சொல்ல முடியாது.

உங்கள் மகனின் கூட்டம் பனர் கட்டின அன்று பின்னேரம் நடந்தது. அக்காவை வெள்ளைச் சேலையோடு முன் கதிரையில் இருத்தி விளக்கேற்ற வைத்தார்கள். அவன் திட்டத்தை விளக்கினான். நன்றாகத்தான் கதைக்கிறான், உங்கள் வாய். என்னைப் பார்த்து, “சின்னம்மாவின்ரை ரெண்டும்தான் முதல் ஏறப் போகுது,” என்றான்.

எழும்பினேன். “தம்பி, கப்பலிலை எத்தினை நாள் நிக்குங்கள்? படுக்க இடம் இருக்கோ? கால் முறிஞ்சால் ஆர் பாப்பினம்?”

“அதெல்லாம் கொம்பனி பாக்கும்.”

“கொம்பனிக்கு முகம் இருக்கோ?”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. “உன்ரை அப்பம்மாவையும் எண்ணித்தான் ஏத்தினவங்கள். கொப்பர் சொல்லேல்லையோ? ஒருத்தனும் முகத்தைப் பாக்கேல்லை எண்டு சாகும்வரைக்கும் சொன்ன மனிசன். வெள்ளைக்காரியின்ரை கன்றைக் கடல்லை போட்டதையும் அந்த மனிசன்தான் எனக்குச் சொன்னது. கனவு எண்டு எழுதி வைச்சிருக்கிறியே, இதையும் சேர்த்து எழுது.”

அவனுக்கு முகம் கறுத்தது. “மனிசரையும் மாட்டையும் ஒண்டாக்காதேங்கோ, சின்னம்மா,” என்றான். “சங்கத்து முடிவுக்கு ஒத்துவராதவையிட்டைப் பால் எடுக்கிறதும் கஷ்டம். இப்பவே சொல்லிப்போட்டன்.”

மனிசரையும் மாட்டையும் ஒன்றாக்கினது நான் இல்லை. எங்களை எண்ணி ஏற்றினவர்கள்தான் முதலில் ஒன்றாக்கினார்கள். அதைச் சொல்ல வாய் எடுக்க முன்னம் கை உயர்த்தச் சொல்லிவிட்டான். உயர்த்தினார்கள். பாவங்கள், எல்லார் வீட்டிலும் தேவை இருக்கிறது. நான் உயர்த்தவில்லை. முன் கதிரையைப் பார்த்தேன். அக்காவின் கை சேலைத் தலைப்புக்குள் கிடந்தது. மகன் குனிந்து ஏதோ சொன்னான். கை வெளியே வரவில்லை.

லொறி வந்து மற்ற வீட்டு மாடுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. என் படலையடியிலும் நின்று ஹோர்ன் அடித்தது; நான் திறக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து சங்கத்துப் பால் வண்டி என் வாசலில் நிற்பதில்லை. ஒட்டுசுட்டான் றோட்டில் சட்டித் தயிர் வைத்து விற்கிறேன். பஸ்ஸை நிறுத்தி வாங்குகிறார்கள். திமிர் பிடித்த கிழவி என்கிறார்களாம். சொல்லட்டும்.

உங்கள் பசுவின் மஞ்சள் இலக்கம் இப்போதும் என் திறப்புக் கோர்வையில்தான் தொங்குகிறது. கொட்டிலைத் திறக்கும்போதெல்லாம் கையில் படும்.

பனரை நான்தான் அவிழ்த்தேன். நல்ல தடித்த சீலை, எறிய மனம் வரவில்லை. நாம்பன்களின் கொட்டில் கூரை ஒழுகுகிறது, அதற்குப் போடலாம் என்று விரித்தேன். யாரும் கூப்பிடாமல் அக்கா வந்தா. ஒரு தலைப்பைப் பிடித்தா.

“முகம் உள்ளுக்கை வரட்டும், பிள்ளை. மழை பட்டால் அழிஞ்சுபோம்.”

நானும் உள்ளுக்குத்தான் நினைத்திருந்தேன். என் காரணம் வேறு. அவவிடம் சொல்லவில்லை. இரண்டு பேருமாய் இழுத்துக் கட்டினோம்.

இப்போது நாம்பன் இரண்டும் படுத்து அசை போடும்போது அதுகளுக்கு நேரே மேலே நீங்கள் இருக்கிறீர்கள். கயிறு இறுக்கமாய்த்தான் கட்டியிருக்கிறது. இனி உங்களால் முகத்தைத் திருப்ப முடியாது. பாருங்கள், அத்தான்.