பொத்தான் போடுகிறவள்

கென்டக்கி,
அக்டோபர் 1862

என்னவருக்கு,

சோளம் அறுத்தாயிற்று. கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது.

படையிலிருந்து விடுப்பில் வந்த ஈனோக் நம் அடுப்படியில் உட்கார்ந்து, "கவலைய விடுங்க அண்ணி. லூயிவில் ஆஸ்பத்திரியில லவினான்னு ஒரு விதவை, அண்ணனைத் தரையில நடக்கவிடாம பாத்துக்குறாங்க" என்று சிரித்தான். துருவிக் கேட்டதும் பேச்சை மாற்றினான். நீங்களோ லேசான காய்ச்சல் என்றுதான் எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் வடக்குப் படையின் நீலச் சட்டையைப் போட்ட நாளிலிருந்து என்னோடு பேசாத அப்பாவிடம் போய் வண்டி கேட்டேன்.

"அந்த வடக்கத்தியானைப் பாக்கவா?"

"இல்லப்பா, அவரு கூட இருக்குறவளைப் பாக்க."

உடனே கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. லவினா என்னைவிட அழகி இல்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி, "ஆடாம நில்லுங்க, சின்னப்பிள்ளையா நீங்க?" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். சட்டையின் இடது கை வெறுமையாகத் தொங்கியது.

உள்ளே வராமல் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன், உங்கள் கைக்காக மட்டும் அல்ல. அவள் உங்களைத் தொட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னிடம் மறைத்ததை அவளுக்குக் காட்டினீர்களே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

சனிக்கிழமை மறுபடி வண்டியோடு வருகிறேன். இம்முறை உள்ளேயே வருவேன், வீட்டுக்கு அழைத்துப்போவேன். அதுவரை உங்கள் சட்டை திறந்தே கிடக்கட்டும். குளிரெடுத்தால் போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இப்போதும் உங்கள் மனைவியான
நான்