காலையில் எலுமிச்சை, மாலையில் பிச்சிப்பூ

வண்ணார்பேட்டை,
விரோதிகிருது வருஷம், ஆவணி 6

சௌபாக்கியவதி பிரம்மநாயகிக்கு உன் புருஷன் குற்றாலலிங்கம் எழுதிக்கொண்டது.

இங்கே க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை. நீ கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. நான் வைத்த ரசத்தைப் பக்கத்து வீட்டுப் பூனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

காலையில் கலெக்டர் கச்சேரிக்குப் போகும்போது என் மேல் எலுமிச்சை மணம், சாயங்காலம் வரும்போது பிச்சிப்பூவும் கஸ்தூரியும். நடுவில் எவள் வீட்டுக்குப் போனேன் என்று கேட்டாய். பாபநாசநாதர் சாட்சியாக எங்கும் போகவில்லை. புதிதாக வந்த துரைக்கு என் மூக்குப்பொடி வாடை ஆகவில்லை. அதற்காக மேலப்பாளையம் காஜா முகைதீன் கடையில் எலுமிச்சை அத்தர் வாங்கிப் பூசினேன். இப்போது அவரிடமே போய்க் கேட்டேன்.

"பிள்ளைவாள், புளிப்பு வாடை முதல்ல பறந்துரும். அடியில கெடக்குத பிச்சியும் கஸ்தூரியும் ஒடம்புச் சூட்டுல பையத்தான் மேல வரும். இது தெரியாமயா பூசுதிய?" என்றார்.

குப்பியை அனுப்பியிருக்கிறேன். உன் கையில் பூசி, பொழுது சாயும்வரை மோந்து பார். நீ இல்லாமல் இருக்க முடியவில்லை.

குற்றாலலிங்கம்

பாபநாசம்,
ஆவணி 11

கணவர் அவர்களுக்குப் பிரம்மநாயகி நமஸ்காரம்.

குப்பி வந்தது. வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு நானும் அம்மையும் பூசிக்கொண்டோம். முதலில் நாரத்தங்காயை நறுக்கினாற்போல் நல்ல மணம். பொழுது சாய்ந்தபோது என் கையில் ஒன்றுமே இல்லை. அம்மை கையில் ஊறுகாய்ப் பானை வாடை. எங்கள் இரண்டு பேருக்கும் வராத பிச்சிப்பூ தங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

"ஏட்டி, முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காரு ஒம் புருஷன்" என்கிறாள் அம்மை. பொய் சொன்னதுகூடப் போகட்டும், அதைக் குப்பியில் அடைத்துத் தபாலில் அனுப்பியதுதான் ஆறவில்லை. இரண்டு நாள் அழுதேன்.

பெருங்காயம் அலமாரியில் பின்பக்கம் இருக்கிறது. அது போடாமல் என்ன ரசம்?

பிரம்மநாயகி

வண்ணார்பேட்டை,
ஆவணி 14

பிரம்மநாயகி,

உன் கடிதத்தை முகைதீனிடம் வாசித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். "மஞ்சள் ஊறுன தோல்ல கஸ்தூரி எப்படிவே எந்திரிக்கும்? ஒரு ஆம்பிளைக்குப் பூசிப் பாக்கச் சொல்லும்" என்றார்.

அங்கே இருக்கிற ஆம்பிளை உன் தகப்பனார் ஒருவர்தான். தேவாரம் தவிர வேறொன்றும் அறியாதவர். அவர் மேலும் பிச்சி மணக்காவிட்டால் உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். இது சத்தியம்.

குற்றாலலிங்கம்

பாபநாசம்,
ஆவணி 18

என் பிரியமுள்ள கணவர் அவர்களுக்கு, தங்களைச் சந்தேகப்பட்ட பாவி பிரம்மநாயகி காலில் விழுந்து எழுதிக்கொண்டது.

கொசு அண்டாத மருந்து என்று சொல்லி, அம்மைக்குத் தெரியாமல் அப்பாவுக்குப் பூசிவிட்டேன். காலையில் கோயிலுக்குப் போய், அப்படியே வயலையும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்தார்கள். வாசலிலேயே பிச்சிப்பூவும் கஸ்தூரியும் கமகமவென்று வந்தது. அச்சு அசல் தங்கள் வாடை! எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அம்மைக்கும் மூக்கு இருக்கிறதே. "நாப்பது வருசமா கோயிலுக்குப் போறேன் போறேன்னு எங்கன போய்ட்டு வாரிய?" என்று பிடித்துக்கொண்டாள். அப்பா பேசாமல் இருந்திருக்கலாம். "கொசு மருந்துட்டி" என்றார்கள். வீடு பற்றிக்கொண்டது. குப்பியைக் காட்டினேன், அத்தனையும் சொன்னேன். "எங் கையில ஊறுகாய்தான மணந்துது? மாமனாரும் மருமகனும் பேசிவச்சுச் செய்யுதாவ" என்கிறாள்.

வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்குப் பெரிய வண்டியாகக் கொண்டு வாருங்கள். அம்மையும் வருகிறாள். இனி இந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டாளாம். நம்மோடுதான் இருப்பாளாம். தாங்கள் கச்சேரியிலிருந்து வந்ததும் தினமும் அவளே மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாளாம்.

தங்கள் அன்புள்ள
பிரம்மநாயகி