வேண்டாம் இறால்

பாய்,

இன்று காலை திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறினேன். முன் சீட்டுக்காரர் சட்டையிலிருந்து அத்தரும் ஐஸ் மீனும் கலந்த அந்த வாசனை. அத்தர் போட்டால் மீன் வாசம் போய்விடும் என்று கடைசிவரை நம்பிய ஒரே ஆள் நீங்கள்தான். எட்டிப் பார்த்தேன், வேறு யாரோ. இறங்கும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மீமிசல் மீன் கம்பெனியில் நீங்கள் போனில் ஆர்டர் எடுப்பீர்கள். அதைப் பெட்டியில் ஒட்டும் சீட்டாக அடிக்கிற சாப்ட்வேர் என் பொறுப்பு. வாரம் இரண்டு நாள் வருவேன். டீ வருமோ இல்லையோ, உங்கள் பட்டியல் வந்துவிடும். எந்தப் படகு, எந்த வலை, யார் வீட்டில் தலை கேட்பார்கள், யார் வீட்டில் முள்ளுக்குப் பயப்படுவார்கள், எல்லாம் சீட்டில் வரவேண்டும். என்னிடம் இருந்ததோ குறிப்புக்கு வெறும் பதினான்கு எழுத்துக்கான இடம். ஒன்று கூட்டினாலும் சீட்டு அடிக்கும் அந்தப் பழைய மிஷின் படுத்துவிடும்.

"ஒங்க மிசினுக்கு மறதியா, சோம்பேறித்தனமா சார்?" என்பீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

பத்து வருஷத்துக்கு முந்தைய அந்த இலுப்பூர் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? அந்த வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு இறால் பட்டாலே தொண்டை வீங்கிவிடும். நீங்கள் அக்கறையாக "இறால் சேர்க்க வேண்டாம்" என்று அடித்திருந்தீர்கள். சீட்டில் வந்தது "இறால் சேர்க்க". பெட்டி கட்டுகிற அக்கா, வேன் கிளம்பிய பிறகு, "இலுப்பூருக்கு எறாலும் வச்சாச்சு பாய்" என்றார் பெருமையாக.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினீர்கள். டிரைவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் அம்மாவையே போனில் பிடித்து, "யம்மா, பெட்டியத் தொறக்காதீங்க!" என்று கத்தினீர்கள். பெட்டி இன்னும் வரவில்லையாம். அப்படியே ஐஸ் மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். கைலி நனைந்தது உங்களுக்கு உறைக்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

பிறகுதான் சண்டை. "பதினோரு எழுத்துதானே சார், விரல விட்டு எண்ணுங்க!"

"கம்ப்யூட்டர் அப்படி எண்ணாது பாய். புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி."

"ஏன், காலும் கொம்பும் தனித்தனியா டிக்கெட் எடுக்கணுமா?"

இதை முன்பே உங்களிடம் சொல்லாதது என் தப்பு. ஒத்துக்கொண்டேன். நீங்களோ உங்கள் பட்டியலை எடுத்து, பேனாவால் கோடு போட்டுப் படகை அடித்தீர்கள், வலையை அடித்தீர்கள், தலையை மட்டும் கொஞ்சம் தயங்கி அடித்தீர்கள். "இருக்குற எடத்துல வேண்டாம்கிறத மொதல்ல போடுவோம். அறுந்தா பின்னாடி அறுந்துட்டுப் போகட்டும்."

"வேண்டாம் இறால்" என்று தட்டினேன். புள்ளி, கால், கொம்பு, நடுவில் விட்ட இடம் எல்லாம் சேர்த்துச் சரியாகப் பதினான்கு. நீங்கள் போட்ட கூச்சலில் வெளியே மீன் ஏலத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. புது சாப்ட்வேர் வந்துவிட்டது, பக்கம் பக்கமாக எழுதலாம். உங்கள் பட்டியல் முழுவதையும் ஏற்றிவிட்டேன், தலை உட்பட. போன வாரம் ஆர்டர் எடுப்பவர் லீவு என்று நானே போனை எடுத்தேன்.

"இலுப்பூர்லேருந்து பேசுறேன்ங்க. ரெண்டு கிலோ பாரை. வேண்டாம் இறால்."

"என்னம்மா, தலைகீழா சொல்றீங்க?"

"பாய் அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. அந்தப் பொண்ணு நான்தான்ங்க. காலேஜ் ஹாஸ்டல்ல, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் வேண்டாம்தான் மொதல்ல சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா காதுல விழுந்துரும்ல?"

கண் நிறைந்துவிட்டது பாய், சந்தோஷத்தில்தான். எவ்வளவோ இடம் இருந்தும், அவள் சொன்னபடியே தட்டினேன்.