ஒன்றுமே தோன்றாத ஆறு மாதம்

இன்று காலை யாரோ நம் அறைக் கதவுக்குப் பின்னால் ஈர ரெயின்கோட்டை மாட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் அந்த ரப்பர் வாசனை. கட்கியிலிருந்து ஸ்கூட்டரில் நனைந்தபடி, மழையை மராத்தியில் திட்டிக்கொண்டே வந்துவிட்டாய் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்.

போதை மறுவாழ்வு மையத்தில் நாம் இரண்டு ஆலோசகர்கள், ஒரே அறை. நான் கோயம்புத்தூரிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்; நீ இங்கேயே கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். உன் தமிழில் பாதி மராத்தி என்று நான் கேலி செய்வேன். காய்க்காரரிடம் நான் பேசும் மராத்தியைக் கேட்டு நீ பழி தீர்ப்பாய். நான் சும்மா உட்கார்ந்திருந்தாலும் குடும்பங்கள் உனக்காகத்தான் காத்திருக்கும். வேலையை விட்டுப் போன இன்னொரு ஆலோசகரின் பேஷன்ட்டுகளையும் நீயே பார்த்தாய். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ஐந்தாம் மாதத்தில் என் கரு கலைந்து, மறுபடி வேலைக்கு வந்த அன்று உன்னிடம்தான் வாய்விட்டுச் சொன்னேன். நீ நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்தாய். குரலைத் தணித்துக்கொண்டு, இப்போது மனசுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாய். எதிலும் குறை சொல்ல முடியாது. பேஷன்ட்டுகளிடம் நீ பேசுவது போலவே இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் உன் பேஷன்ட் இல்லை என்று கத்தினேன்.

நீ பதிலுக்குக் கத்தவில்லை. "எனக்கு ஒண்ணுமே தோணலடி. ஆறு மாசமா யார் அழுதாலும் இப்படித்தான். என்ன சொல்லணும்னு மட்டும் தெரியுது" என்றாய்.

அன்றே பெரிய டாக்டரிடம் போய் நீண்ட விடுப்புக் கேட்டாய். வேலையில் ஒரு குறையும் இல்லையே, இரண்டு நாள் ஓய்வெடுத்தால் போதும் என்றார் அவர். குறை வெளியே தெரிகிறவரைக்கும் காத்திருக்க வேண்டுமா என்று நீ கேட்டாயாம்; விடுப்புக் கிடைத்துவிட்டது. உன்னைத் தேடி வருகிறவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிடட்டுமா என்றேன். "பொய் எதுக்கு? அவ களைச்சுப் போயிருக்கா, திரும்ப வருவான்னு சொல்லு." அப்படியே சொன்னேன். வருவாயா என்று எனக்கே நிச்சயமில்லை.

உன் விடுப்பின் இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். பட்டாணி உரித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாய்: "குழந்தைக்குப் பேரு ஏதாச்சும் யோசிச்சு வச்சிருந்தியா?"

சொன்னேன். நீ அதை ஒரு தடவை வாய்க்குள் முணுமுணுக்காமல் சத்தமாகவே சொல்லிப் பார்த்தாய். பிறகு அழ ஆரம்பித்தாய். நானும் அழுதேன். அழுதுகொண்டே, அப்பாடா, இவள் திரும்பி வந்துவிட்டாள் என்று நிம்மதியும் அடைந்தேன்.

அதற்குப் பிறகு சில வருஷங்கள் வேலை பார்த்தாய், முன்பைவிடக் குறைவான பேஷன்ட்டுகளை வைத்துக்கொண்டு. போன வருஷம் புற்றுநோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. மனசு மரத்துப்போவது போலத் தெரிந்தால் இப்போது நானே போய் லீவு கேட்கிறேன், கூச்சப்படாமல். அது நீ கொடுத்த தைரியம். ஒன்றுதான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பேரை நான் என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. என் குழந்தையை இந்த உலகத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் நீ ஒருத்திதான்.