தண்டவாளத் துண்டும் புது முன் அச்சும்

என் அன்பு அண்ணா,

உன் லொறி மறுபடியும் ஓடுகிறது. இதைத்தான் நீ முதலில் கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாரியில் உனக்கு நெஞ்சு வலித்த அன்று, கண்டாவளையிலிருந்து உன்னை ஏற்றிக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். நாலு சில்லும் இழுக்கிற நம் லொறியைத் தவிர வேறெதுவும் அந்தப் பாதையால் போயிருக்காது. மதகடிக் குழிக்குள் வேகமாக இறக்கினேன். முன் அச்சு முறிந்தது. ட்ரக்டர் வந்து இழுப்பதற்குள் நீ என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாய். "மெல்லமா விடடி" என்றதுதான் உன் கடைசிப் பேச்சு. அதைக் கேட்டிருந்தால் என்று எத்தனை நாள் கிடந்து வெந்தேன் தெரியுமா?

லொறி முற்றத்தில் கிடந்தது. அறுவடை நெருங்க, காலம் தப்பி மழையும் பெய்ய, அண்ணிதான் வாய் திறந்தார். "வயலுக்குள்ளை கிடக்கிற நெல்லு தானா நடந்து வருமோ? போய்த் திருத்தடி."

லொறியை ட்ரக்டரில் தூக்கிக் கட்டி, நெளுக்குளத்தில் பழைய வாகனங்களைக் கழற்றி விற்கும் ரஹீம் நானாவிடம் போனேன். பெரிய லொறியின் அச்சைப் போடும்படி எல்லாரும் சொல்லியிருந்தார்கள். எனக்கும் அதில்தான் கண். நானா மறித்தார்.

"தடிப்பைப் பார்த்து மயங்காதீங்கோ தங்கச்சி. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கணக்கில சுத்தோணும். இல்லாட்டி ஒண்டோட ஒண்டு மல்லுக்கட்டிக் கியர் பெட்டியைத் திண்டுபோடும்."

சில்லில் சோக்குக்கட்டியால் கோடு கீறினோம். அது ஒரு சுற்று வருவதற்குள் நடுத்தண்டு எத்தனை தரம் சுழல்கிறது என்று இரண்டு பேரும் எண்ணினோம். மூன்றாவதாகப் பார்த்த அச்சுதான் நம் பின் அச்சோடு பொருந்தியது. அகலமும் அதே அகலம், இரும்பு மட்டும் இன்னும் தடிப்பு. அதையே எடுத்தேன்.

பழையதை இறக்கியபோது நானா என்னைக் கூப்பிட்டார். சண்டைக் காலத்தில் நம் பதுங்குபங்கருக்கு மேலே கிடந்த தண்டவாளத் துண்டை அச்சுக்கு அடியில் வெல்டிங் வைத்து ஒட்டினாயே, நினைவிருக்கிறதா? "செல் விழுந்தும் வளையாத இரும்படி, இதைவிட என்ன பலம் வேணும்?" என்று எவ்வளவு பெருமை உனக்கு! அந்த ஒட்டின் ஓரமாகத்தான் முறிந்திருந்தது. முறிவில் முக்கால்வாசி பழங்கறள், துரு தடித்துக் கறுத்திருந்தது. ஒரு கரையில் மட்டும்தான் புதுக்கறள்.

"இது அண்டைக்கு உடைஞ்சதில்லை தங்கச்சி. ஒட்டின சூட்டில இரும்பு கெட்டு, வருசக்கணக்கா வெடிச்சுக்கொண்டு வந்திருக்கு. நீங்கள் மெல்லமா உருட்டிக்கொண்டு போயிருந்தாலும் அந்த வெள்ளத்துக்குள்ள முறிஞ்சிருக்கும்."

எண்ணெய் மண்ணிலேயே குந்தியிருந்து அழுதேன். நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. பிறகு உன்மேல் கோபம் வந்தது. திட்டுவதற்கு நீ எங்கே?

அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று பயந்து பயந்துதான் சொன்னேன். குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ உடைச்சனீ எண்டு ஆர் சொன்னது? அவர் ஒட்டினது எது நிண்டது? குசினிக் கதிரையின்ரை காலே நிக்கேல்லை."

இருவரும் சிரித்தோம், அண்ணா. நீ போனபின் அந்தக் குசினியில் கேட்ட முதல் சிரிப்பு அது.

நேற்று வயலிலிருந்து நெல் மூட்டைகளை ஏற்றி வந்தேன். மதகடியில் முழங்காலளவு தண்ணீர். முன் சில்லுகள் சேற்றைப் பிடித்து இழுத்தன, ஸ்டியரிங் கையில் ஆடவே இல்லை. ஒரு மூட்டைகூட நனையவில்லை.

தண்டவாளத் துண்டை வெட்டியெடுத்து வாசல் படலைக்கு முட்டாக வைத்திருக்கிறேன். அந்த வேலைக்கு அது நல்ல இரும்புதான்.

உனக்குப் பிறகு என் பக்கத்துச் சீற்றில் நான் யாரையும் இருத்தவில்லை. நாளைக்கு அண்ணி ஏறுகிறார். மதகடி வந்ததும் மெல்லமாக விடுவேன், அண்ணா. சத்தியமாக.

உன் தலையைத் தாங்கிய தோளோடு,
உன் தங்கச்சி