உன்னை அறிமுகம் செய்ய வேண்டிய பக்கம்

மச்சான்,

உன்னுடைய தோள்பை இன்று காலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. திறந்ததும் வெயிலுக்குப் பூசும் கிறீமின் வாசனை முகத்தில் அடித்தது. அதெல்லாம் வெள்ளைக்காரருக்கு, உனக்கெதற்கு என்று நாங்கள் கேலி செய்த அதே கிறீம். மூடி கழன்று பைக்குள் கசிந்திருக்கிறது. எழுந்து போய்ப் பத்திரிகைக் கந்தோர்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வெளியே தட்டச்சு செய்யும் பிள்ளை என் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

பையைக் கொடுத்தனுப்பியது உன் மனைவி. உள்ளே உன் கையெழுத்தில் பதினொரு பயணக் கட்டுரைகள். நீ எனக்குக் காட்டிய பொத்துவில் கடலேரிக் களப்புக் கட்டுரையும், காட்டாத பத்தும். எல்லாவற்றையும் போடச் சொல்லி அவர் எழுதிய ஒரு துண்டுக் கடிதம். வருகிற சனிக்கிழமை முதலாவது வரும். அதற்கு மேலே, இவர் எங்கள் புதிய பயண எழுத்தாளர் என்று வாசகருக்கு நான் பத்து வரி எழுத வேண்டும். 'எழுதுகிறார்' என்று போடுவதா, 'எழுதினார்' என்று போடுவதா? அந்த ஒரு சொல்லிலேயே மத்தியானம் வரை இருந்தேன்.

நிந்தவூர்ப் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள். நான் பத்திரிகைக்கு வந்தேன், நீ அறுகம்பேக் கடற்கரைக்குப் பஸ் ஏறினாய். அங்கே ஒரு ஹோட்டலில் விருந்தினருக்குக் கட்டில் விரித்தாய். பிறகு அலையில் சறுக்கும் பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் நின்றாய். திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கு ஆள் சேர்த்தாய். வான் ஓட்டி மலைநாடெல்லாம் சுற்றினாய். கடைசியில் பரீட்சை எழுதி வழிகாட்டி அனுமதிப்பத்திரமும் எடுத்தாய். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் கல்யாணத்துக்கே வந்து நின்றாய்.

ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த அந்த வருடம் எல்லாம் போயிற்று. வந்த கொஞ்ச வெள்ளைக்காரரோடும் உன்னை அனுப்பவில்லை. உன் முஸ்லிம் பெயரைப் பார்த்துவிட்டு வேறு ஆளை அனுப்பினார்கள். பிறகு கொரோனா வந்தது, பிறகு பெற்றோல் வரிசை. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த அந்தக் காலத்தில்தான் எழுதத் தொடங்கினாய். இத்தனை காலமும் இல்லாத எழுத்து இப்போது ஏன் என்று கேட்டேன்.

"எங்கட ஆக்கள் மக்காக்கு உம்றா போற, மலேசியாக்குப் போற. பொத்துவில் களப்பை ஒருத்தரும் பார்க்கல்ல மச்சான்" என்றாய்.

அந்தக் களப்புக் கட்டுரை நன்றாகவே இருந்தது. அதை நான் உன்னிடம் சொல்லவில்லை. பத்திரிகைக்காரன் என்ற திமிர். அறிமுகத்தில் உன்னைச் 'சுற்றுலாத்துறை வல்லுநர்' என்று போடப்போவதாகச் சொன்னபோது நீ சிரித்தாய். "வல்லுநர் எண்டா ஆருக்கு விளங்கும்? கட்டில் விரிச்சவன் எண்டு போடு" என்றாய். அது மரியாதையாக இராது என்று நான் சண்டை பிடித்தேன். அதோடு விட்டேனா? களப்பில் கம்பு ஊன்றித் தோணி தாங்கும் ஒரு பெரியவரைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அவர் இப்போதும் அங்கே இருக்கிறாரா, நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுது என்றேன்.

செவ்வாய்க்கிழமை நீ எனக்குப் போன் எடுத்தாய்.

"நெஞ்சுக்குள்ள ஒரு இறுக்கமாக் கிடக்கு மச்சான். அடுத்த கிழமை போகட்டா?"

"வாயுவா இரிக்கும். இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போ. வியாழக்கிழமை எனக்குப் பக்கம் முடிக்கணும்."

"ஓம், சரி" என்று வைத்துவிட்டாய்.

அடுத்த நாள் அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில், பொத்துவில் பஸ்ஸில் ஏறக் கால் வைத்தபோது விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன்பே மௌத்து. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். ஜனாஸாவுக்கு நானும் தோள் கொடுத்தேன். பள்ளிக்கூடக் கூட்டாளி என்று ஆட்கள் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். ஒருவருக்கும் அந்தப் போன் தெரியாது. கையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் போல் இருந்தது. அந்தச் சனிக்கிழமை உன் கட்டுரைக்கு வைத்திருந்த இடத்தில் மேசை, கட்டில் விற்கும் ஒரு தளபாடக் கடை விளம்பரத்தைப் போட்டோம். இடம் நிரம்பிவிட்டது. அவ்வளவு இலகுவாக.

இன்று மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உன் வீட்டுக்குப் போனேன். என் மனைவியும் வந்தாள். உனக்காக இத்தாவில் ஒதுங்கி இருக்கும் உன் மனைவி அறைக்குள்ளே, நான் திரைக்கு இந்தப் பக்கம் கதிரையில். பையைப் பற்றிக் கதைக்கத்தான் போனேன். வாயைத் திறந்ததும் போன் கதை முழுவதும் வந்துவிட்டது. நெஞ்சு இறுகுகிறது என்று நீ சொன்னதும், அதற்கு நான் சொன்னதும். என் மனைவிக்கே அப்போதுதான் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டட்டும், சாபம் போடட்டும் என்று காத்திருந்தேன்.

"எனக்கிட்டயும் சொன்னவர் காக்கா" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து, அண்ணனிடம் சொல்வதுபோல. "ரெண்டு நாளாச் சொன்னவர். இத்தனை வருஷமா ஊட்டுக்குள்ள இருந்த மனுஷன் வேலைக்கெண்டு வெளிக்கிடுறாரே எண்டு எனக்குச் சந்தோசம். உடுத்துட்டுப் போற சேட்டை நான்தான் அயன் பண்ணிக் குடுத்த. ஒண்டும் இல்ல, போய்ட்டு வாங்க எண்டு சொன்ன."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நாங்கள் எழும்பும்போது இன்னும் ஒன்று சொன்னார். "பிள்ளைகளுக்கு இது தெரியா. பேப்பர்ல எழுதிராதீங்க." எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வந்து உட்கார்ந்து அறிமுகத்தை எழுதி முடித்தேன். கட்டில் விரித்தவர் என்றே தொடங்கியிருக்கிறேன். பலகைக் கடை, படகு, வான், வழிகாட்டி எல்லாம் வரிசையாக வருகின்றன. முடிவில் 'எழுதுகிறார்' என்றே போட்டேன். வாசகர்கள் திருத்தட்டும். எப்படிப் போனாய் என்று மட்டும் அதில் ஒரு சொல் இல்லை. அதை எழுத எனக்கு வேறு இடமில்லாமல்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.

காலையில் 'போ' என்ற என் சொல் ஒன்றைத்தான் சுமந்துகொண்டிருந்தேன். அதை இறக்கிவைக்கலாம் என்று உன் வீட்டுக்குப் போனேன் மச்சான். அவருடையதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.